விசிலுக்கு முன்னால் முடிகிற ஆட்டம்

மேலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரே சமயத்தில் நாலு கண்டக்டர்கள் விசில் ஊதினாலும், எது எந்த வண்டி என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவார் அந்த அக்கா. கை பாட்டுக்கு வளையல் டஜனைப் பிரித்துக்கொண்டிருக்கும். வாய், "செவகங்க வண்டி கெளம்புது, ஓடு ஓடு" என்று யாரையாவது விரட்டிக்கொண்டிருக்கும். அந்த ஆள் ஓடிப் போய் ஏறிய பிறகு ஜன்னல் வழியாக ஒரு கும்பிடு போடுவார். அதைப் பார்க்கக்கூட அக்கா நிமிர மாட்டார். வண்டிகளுக்கு ஆள் கூப்பிடுவதுதான் அங்கே என் பிழைப்பு. எனக்கே அப்படி ஒரு காது கிடையாது.

அவர் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஃபேன்சி கடை அக்கா என்பார்கள். டீக்கடைக்கும் கட்டணக் கழிப்பிடத்துக்கும் நடுவில் நாலு பலகை அடித்த பெட்டிக்கடை. வளையல், கிளிப், ஸ்டிக்கர் பொட்டு, தண்ணீர் பீச்சுகிற துப்பாக்கி, ரப்பர் பந்து. மேலே கயிற்றில் மிட்டாய் பாக்கெட் மாதிரி வரிசையாகத் தொங்குகிற படக் கார்டுகள்.

நான் அங்கே வந்து சேர்ந்தது ஒரு கல் குவாரியிலிருந்து. கல் ஏற்றும்போது இடது கையில் ஒரு விரல் நுனி போய்விட்டது. காயம் ஆறும் வரை பஸ் ஸ்டாண்டில் படுத்துக்கொள்ளலாம் என்று வந்தேன். ஆறிய பிறகும் அங்கேயே கிடந்தேன். தொண்டை நன்றாக இருந்ததால் ஆள் கூப்பிடும் வேலை கிடைத்தது. சலித்துப்போனால் திருப்பூர் போவேன், கேரளாவில் ஒரு ஹோட்டலுக்குப் போவேன். அங்கேயும் சலித்தால் மேலூருக்கே திரும்பி வருவேன். ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் அக்கா ஒரே கேள்விதான் கேட்பார்.

"அங்க என்னத்த முடிச்சிட்டு வந்த?"

"ஒண்ணும் முடிக்கலக்கா."

"எட்டாங்கிளாசையே பாதியில போட்டுட்டு வந்தவன்தான நீயி."

பாதியில் விடுவது அவருக்கு ஆகவே ஆகாது. வளையல் போட்டுப் பார்க்க வந்த பெண் பச்சையா சிவப்பா என்று யோசித்துக்கொண்டிருந்தால், "ஒன் வண்டி டிக்கெட் போட ஆரம்பிச்சிட்டான். பச்ச. கைய நீட்டு" என்று மாட்டிவிடுவார். வீட்டுச் சண்டையை இழுத்து இழுத்துச் சொல்கிறவர்களிடம், "மொதல்ல முடிவச் சொல்லுங்க. நேரமிருந்தா ஆரம்பத்தக் கேட்டுக்கிறேன்" என்பார். பஸ் வருகிற நேரம் பார்த்து யாராவது டீ சொன்னால் டீக்கடைக்காரரிடம் இங்கிருந்தே சத்தம் போடுவார். "அவருக்கு ஆத்திக் குடுங்கண்ணே. பாதிக் கிளாஸ வச்சிட்டுப் போவாரு, எனக்கு மனசு கேக்காது."

முதலில் இதை ஒரு வியாபாரத் தந்திரம் என்றுதான் நினைத்தேன். பஸ் ஸ்டாண்டில் கடை வைத்தவர் வேறு எப்படி விற்பது? விஷயம் வேறு என்று தெரிய ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வாக்கில் மதுரையிலிருந்து காரைக்குடி போகிற ஒரு நீல நிற தனியார் பஸ் உள்ளே வரும். அதிலிருந்து எட்டு வயதுப் பெண் பிள்ளை ஒன்று இறங்கி நேராக அக்கா கடைக்கு ஓடிவரும். அக்கா ஸ்டூலை இழுத்துப் போடுவார். பஸ் நிற்கிற வரை பிள்ளை அங்கே இருக்கும். விசில் அடித்ததும் எழுந்து ஓடிவிடும். அது அக்காவின் மகள். விசில் அடிக்கிற கண்டக்டர் அக்காவின் புருஷன்.

இரண்டு பேரும் விரும்பிக் கல்யாணம் பண்ணியவர்கள். அக்கா மதுரையில் சௌராஷ்டிரா வீட்டுப் பெண். அவர் டி. கல்லுப்பட்டிப் பக்கம். ஏழெட்டு வருஷத்தில் என்னவோ ஆகிப் பிரிந்துவிட்டார்கள். பெரியவர்கள் உட்கார்ந்து பேசியதில், பிள்ளை அப்பன் வீட்டில் இருந்து படிக்கட்டும், அம்மா பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. அதைக் கண்டக்டர் முடிவு பண்ணினார். லீவு நாளில் பிள்ளையை டியூட்டி வண்டியிலேயே கூட்டிவருவார். மேலூரில் வண்டி நிற்கிற நேரம் அம்மாவுக்கு. யார் பக்கம் நியாயம் என்று எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் வாங்கிக்கொடுத்த டீயைக் குடித்தவன் நான்.

அந்த விசிலை எனக்கும் அடையாளம் தெரிய ஆரம்பித்தது. சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று. நீளத்தின் கடைசியில் விக்கல் மாதிரி ஒரு வெட்டு. மற்ற விசில் எது கேட்டாலும் பிள்ளை பதறி எழுந்திருக்கும். அக்கா தலையைத் தூக்காமலே, "அது நத்தம் வண்டி. அப்பா விசில் இல்ல. உக்காரு" என்பார். பிள்ளை உட்கார்ந்துவிடும்.

கடையில் தொங்கிய கார்டுகள் மேல் அந்தப் பிள்ளைக்குப் பைத்தியம். ஒவ்வொரு கார்டிலும் ஒரு மிருகம், கொம்பும் சிறகும் நெருப்புமாக. மூலையில் அதன் பலத்துக்கு ஒரு நம்பர். கீழே பொடிப் பொடியாக இங்கிலீஷ். பெரிய பாக்கெட்டில் ஆட்டச் சட்டம் அச்சடித்த மடிப்புத் தாள் ஒன்று இருக்கும். பிரித்தால் துண்டு அகலம் வரும். பிள்ளை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தது. எழுத்துக் கூட்டிப் படித்து அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தது.

ஆட்டம் இதுதான். ஆளுக்கு அறுபது கார்டு கொண்ட ஒரு கட்டு. ஆளுக்கு இருபது உயிர். மிருகத்தை இறக்கி எதிராளியை அடித்தால் அவர் உயிர் குறையும். உயிர் தீர்ந்தவர் தோற்றார். ஆனால் மிருகம் சும்மா இறங்காது. முதலில் நிலக் கார்டு வேண்டும். முறைக்கு ஒரு நிலமாகப் போட்டுச் சேர்த்த பிறகுதான் பெரிய மிருகம் இறங்கும். நாலு நிலம் சேர்வதற்குள் நீல பஸ் விசில் அடித்துவிடும். பிள்ளை போட்டது போட்டபடி ஓடும். அது போன பிறகு அக்கா அந்தக் கார்டுகளை ஒன்றொன்றாக எடுத்து அடுக்குவார். அந்த நேரம் மட்டும் யாரிடமும் பேச மாட்டார்.

உயிர்க் கணக்குக்குப் புளியங்கொட்டை. ஆளுக்கு இருபது எண்ணி வைக்க வேண்டும். அக்கா தன் வீட்டுச் சௌராஷ்டிரப் பாஷையில்தான் எண்ணுவார். பிள்ளையும் கூடவே எண்ணப் பார்க்கும், நாலைந்துக்கு மேல் தடுமாறும். அப்பத்தா வீட்டில் அந்தப் பாஷை கூடாதாம். பிள்ளையே சொன்னது.

நான் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதிசயமாக ஆட்டம் வேகமாகப் போனது. பிள்ளையிடம் சிறகு வைத்த பெரிய மிருகம் ஒன்று இறங்கிவிட்டது. அக்காவிடம் நாலைந்து கொட்டைதான் மிச்சம். பிள்ளை ஸ்டூலில் உட்காராமல் குதித்துக்கொண்டிருந்தது. அதுவரை ஒரு ஆட்டம்கூட அது ஜெயித்ததில்லை. எதுவும் முடிந்ததே இல்லையே.

விசில் கேட்டது. சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று, விக்கல்.

"அம்மா, அப்பா விசில்."

"இல்ல. அது நத்தம் வண்டி. நீ அடி."

நான் நீல பஸ்ஸின் படியருகில் நின்று, "திருப்பத்தூர் காரக்குடி" என்று கத்திக்கொண்டிருந்தேன். சட்டென்று திரும்பிப் பார்த்தேன். நத்தம் வண்டி அந்த நேரத்தில் ஸ்டாண்டிலேயே இல்லை. அக்கா கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பவும் விசில். தனியார் பஸ்ஸுக்கு நேரம்தான் சோறு. பின்னால் நின்ற வண்டிக்காரன் ஹாரனில் கையை வைத்துவிட்டு எடுக்கவில்லை. "என் டைம்ல என்னாத்துக்குடா நிக்கிற?" என்று அதன் டிரைவர் இறங்கியே வந்துவிட்டார். உள்ளே இருந்தவர்கள் தலையை நீட்டி ஏசினார்கள். கண்டக்டர் தோள்பை குலுங்க ஓடிவந்தார்.

"காது கேக்கலயா ஒனக்கு?"

அக்கா கையிலிருந்த கார்டைக் கீழே வைத்தார். "கேட்டுச்சு."

"கேட்டுச்சா?"

"இன்னும் ஒரு அடிதான். பிள்ள ஜெயிச்சிருக்கும்."

"அம்புட்டுச் சனமும் வண்டியில உக்காந்து என்னையக் கிழிக்குது. ஒனக்கு வெளையாட்டாத் தெரியுதா?"

பிள்ளை அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றது. "நத்தம் வண்டின்னு சொன்னியேம்மா."

கண்டக்டருக்கு அப்போதுதான் விளங்கியது. அதுவரை கத்தியவர் குரலைத் தாழ்த்திவிட்டார். அதுதான் பயமாக இருந்தது. "பொய் சொல்லி உக்கார வைக்கிறியா? இனிமே இங்க எப்பிடி நம்பி எறக்குறது?" என்றார். பிள்ளையின் கையைப் பிடித்து நடந்தார். பிள்ளை கையில் சிறகு மிருகம் இருந்தது. அதோடேயே ஏறிவிட்டது.

அடுத்த ஞாயிறு நீல பஸ் வந்தது. பிள்ளை இறங்கவில்லை. நான் படியில் ஏறி உள்ளே பார்த்துவிட்டு வந்தேன். அக்கா கேட்டார்.

"கடைசி சீட்டு வரைக்கும் பாத்தியா?"

"பாத்தேங்க்கா."

"சரி. நீ ஆள் கூப்புடு, போ."

அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. கண்டக்டர் விசிலை மட்டும் வழக்கம் போல ஊதினார். ஒவ்வொரு தடவையும் அக்காவின் தோள் லேசாகத் தூக்கிப்போடும்.

யாரிடமாவது தூது விடுவார், ஊர்ப் பெரியவர்களிடம் போவார் என்று நினைத்தேன். அவர் அந்த மடிப்புத் தாளை எடுத்தார். பலகைமேல் விரித்து நாலு மூலையிலும் பவுடர் டப்பாவை வைத்து உட்கார்ந்துவிட்டார். "என்னக்கா பண்றீக?" என்றேன்.

"விசில நீட்ட முடியாதுல்ல. ஆட்டத்தத்தான் குறுக்கணும்."

எதிராளியாக என்னை உட்கார வைத்தார். "ஒனக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்" என்றார். கோபம் வரவில்லை, அது உண்மைதான். எந்த வண்டி உள்ளே நுழைகிறதோ அதுதான் எங்களுக்குக் கடிகாரம். வண்டி வந்ததும் கார்டைப் பிரிப்போம். அது விசில் அடித்தால் நிறுத்துவோம். முடிந்திருக்காது. அக்கா எதையாவது ஒன்றை வெட்டுவார். அடுத்த வண்டிக்கு மறுபடி. இடையில் நான் ஆள் கூப்பிட எழுந்து போனால் டீக்கடைக்காரர் உட்காருவார். அவர் போனால் கொய்யாப்பழம் விற்கிற பெரியம்மா.

கட்டை இருபது கார்டாகக் குறைத்தார். போதவில்லை. கீழே இருக்கிற பொடி எழுத்தை யாரும் பார்க்கக் கூடாது, மூலையில் இருக்கும் நம்பர் மட்டும்தான் கணக்கு என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. உயிரைப் பத்தாக்கினார். அப்படியும் நிலம் சேர்க்கிற நேரத்தில் வண்டி கிளம்பிவிடும். நிலமில்லாமல் எப்படி என்று அவருக்கும் பிடிபடவில்லை.

அதைத் தீர்த்தது கொய்யாப்பழப் பெரியம்மாதான். பக்கத்துக் கிராமத்தில் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம். ஒரு நாள் பெரியம்மாவுக்கு வந்த கை முழுக்க மிருகமாக வந்தது, ஒரு நிலம்கூட இல்லை. பெரியம்மா முறை முறையாகச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"ஏந்தாயி, கையில இம்புட்டு மிருகம் இருந்தும் நான் ஒண்ணும் போடக்கூடாதாக்கும்?"

"நெலம் வேணும் பெரியம்மா."

"நெலம் வச்சிருக்கவந்தான் கைய நீட்டலாம்னா இது ஆட்டமில்ல தாயி, எங்க ஊரு." வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். "எங்க வம்சத்துக்கே ஒரு குழி நெலம் கெடையாது. அதுக்காக நாங்க பொழைக்காமலா போனோம்?"

அக்கா ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் சிரித்தார். கட்டுகளில் இருந்த நிலக் கார்டுகளை எல்லாம் பொறுக்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினார். "நெலம் வேணாம். யாரும் எதையும் எறக்கலாம்" என்றார்.

அதற்குப் பிறகு ஆட்டம் பறந்தது. முதல் கையிலேயே யானை மாதிரி மிருகங்கள் இறங்கின. நாலு அடியில் ஆள் காலி. கடைசியாக ஒன்று சேர்த்தார்: புதிதாக ஆட வருகிறவர், வந்த கை பிடிக்காவிட்டால் ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாம். "மொத ஆட்டத்துலயே தோத்துட்டுப் போறவன் திரும்ப வர மாட்டான்" என்பது அவர் வாதம். வண்டி நுழைந்து, கார்டு பிரித்து, ஆடி முடித்து, புளியங்கொட்டையை டப்பாவில் போட்ட பிறகுதான் விசில் கேட்டது. அக்கா பஸ்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னொரு தடவ பாப்போம். காரக்குடி வண்டி வரட்டும்" என்றார்.

பஸ் ஸ்டாண்டு முழுக்க அந்த ஆட்டம் தொற்றிக்கொண்டது. போர்ட்டர், பூக்காரி, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், கல்யாணத்துக்குப் போகிறவர் என்று எல்லோரும் வண்டி வருகிற வரை ஒரு ஆட்டம் ஆடினார்கள். நாகமலை புதுக்கோட்டை யுனிவர்சிட்டி ஹாஸ்டல் பையன் ஒருவன் ஊருக்குப் போக வந்தவன் பார்த்துவிட்டு நின்றான். அவனும் அந்த ஆட்டக்காரன்தான், தன் கார்டுகளை ஒன்றொன்றாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தான்.

"அக்கா, இது ரூல்ஸே இல்ல."

"தாள்ல உள்ளது வேற தம்பி. இது பஸ் ஸ்டாண்டு ரூல்ஸ்."

"லேண்ட் இல்லாம எப்பிடிக்கா? ஸ்ட்ராட்டஜியே போச்சே."

"ஒங்க ஆட்டம் எம்புட்டு நேரம் ஓடும்?"

"நல்லா ஆடுனா ஒரு மணி நேரம்."

"ஒங்களுக்கு ஒரு மணி நேரம் இருக்கு. நல்லா இருங்க." கோபமாகச் சொல்லவில்லை. அவன் கார்டுகளை ஆசையாகப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

நீல பஸ்ஸின் டிரைவர்தான் அடுத்து மாட்டியது. டீ குடிக்க இறங்கியவர் ஒரு கை ஆடினார். ஜெயித்தார். மறுநாள் பஸ்ஸை நிறுத்தியதும் ஓடிவந்தார். ஒரு நாளும் விசிலுக்குப் பிந்தவில்லை. கண்டக்டர் படியில் நின்றபடி இதையெல்லாம் பார்ப்பார், பார்க்காத மாதிரி டிக்கெட் கட்டை எண்ணுவார். அக்கா ஒரு நாளும் அவரைக் கூப்பிடவில்லை. டிரைவர்தான் விடவில்லை.

"மாப்ள, ஒரு ஆட்டம் ஆடிப் பாரேன். நான் ஒண்ணும் வண்டிய எடுத்துட்டு ஓடிற மாட்டேன்."

ஒரு நாள் கண்டக்டர் வந்துவிட்டார். பிள்ளை உட்காருகிற ஸ்டூலில் முட்டி இடிக்க உட்கார்ந்தார். விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிப் பலகைமேல் வைத்தார். இரண்டு பேரும் முகம் பார்க்கவில்லை. அக்கா புளியங்கொட்டையை எண்ணி அவர் பக்கம் தள்ளினார். கார்டைப் பிரித்துக் கொடுத்தார். வந்த கை சரியில்லை என்பது அவர் நெற்றியிலேயே தெரிந்தது.

"புது ஆளு ஒரு தடவ மாத்திக்கிறலாம்."

"ஒண்ணும் வேணாம். வந்தது வந்ததுதான்."

டிரைவர், நான், கொய்யாப்பழப் பெரியம்மா மூன்று பேரும் எங்கெங்கோ பார்த்துக்கொண்டு நின்றோம்.

"சரி," என்றார் கண்டக்டர், கார்டைக் கவிழ்த்து வைத்து. "மாத்திக் குடு."

மாற்றிக் கொடுத்தும் தோற்றுத்தான் போனார். அக்கா விட்டுக்கொடுக்கவில்லை. கடைசிக் கொட்டையை எடுத்து டப்பாவில் போட்டு, விசிலை அவர் பக்கம் நகர்த்தினார்.

"முடிஞ்சிருச்சு. இன்னும் நேரம் கெடக்கு. டீ குடிச்சிட்டுப் போங்க."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டீ குடித்தார், முழுக் கிளாசும். எழுந்து நாலடி போய் நின்று, திரும்பாமலே சொன்னார். "வாற ஞாயித்துக்கெழம கூட்டியாரேன்."

அவர் சொன்னபடி பிள்ளை வந்தது. முதலில் கடைக்கு வெளியிலேயே நின்றது. அக்கா ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "இனிமே நத்தம் வண்டின்னு சொல்ல மாட்டேன். விசிலுக்கு முன்னாடியே ஆட்டம் முடிஞ்சிரும். வா" என்றார். பிள்ளை தன் பையிலிருந்து சிறகு மிருகத்தை எடுத்துப் பலகைமேல் வைத்தது. மூலை மடங்கிப் போயிருந்தது. அன்றைக்கு அது ஜெயித்தது. ஜெயித்த பிறகும் நேரம் மிச்சமிருந்தது. அக்கா அதன் பின்னலை அவிழ்த்து இறுக்கிப் பின்னிவிட்டார். ரிப்பன் முடிச்சுப் போட்டதும் விசில்.

அப்படியே வருஷங்கள் போயின. நான் போவேன், வருவேன். ஒவ்வொரு தடவையும் பிள்ளை வளர்ந்திருக்கும். பாவாடை போய் சுடிதார் வந்தது. ஸ்டூல் மட்டும் அதேதான். பத்துக் கொட்டையையும் அம்மா பாஷையில் தடுமாறாமல் எண்ணியது. அதில் அதற்குத் தெரிந்த சொல் அந்தப் பத்தும்தான். ஆட்டத்தில் உயிர் பத்துதானே. அதற்கு மேல் எண்ண வேலையே வரவில்லை.

நான் கடைசியாக அங்கே இருந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அன்றைக்கே திருப்பூர் கிளம்புவதாக இருந்தேன். நீல பஸ் வந்தது. கண்டக்டர் வேறு ஆள், அக்கா புருஷனுக்கு அன்று லீவாம். பெண் இறங்கினாள். இப்போது 'பிள்ளை' என்று எழுத முடியாது, அம்மா உயரம் வந்திருந்தாள். வழக்கம் போல ஆடினார்கள். வழக்கம் போல முடிந்தது. விசில் அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

"ஏய், வண்டி கெளம்புது."

"கெளம்பட்டும்மா. அப்பாட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். இருட்டுறதுக்குள்ள வேற வண்டி பிடிச்சு வீட்டுக்குப் போய்க்கிறேன்."

பஸ் திரும்பி வெளியே போனது. அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவசரமாகக் கார்டைக் கலைத்து இன்னொரு ஆட்டம் போட்டார். சட்டென்று முடிந்தது. இன்னொன்று. அதுவும் முடிந்தது. பின்னலையும் பின்னிவிட்டார். அதற்கு மேல் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கையைப் பிசைந்துகொண்டு, "சாப்பிடுறியா? கொய்யாப்பழம் வாங்கட்டா?" என்றார். அத்தனை வருஷத்தில் அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

"அந்த டப்பாவ எடும்மா."

"எத?"

"நெலக் கார்டு டப்பா. வச்சிருப்பதான?"

வைத்திருந்தார். பலகைக்கு அடியில், துரு ஏறி, மூடி இறுகிப் போய். நான்தான் ஆணியை வைத்து நெம்பித் திறந்தேன். கொய்யாப்பழப் பெரியம்மா எட்டிப் பார்த்தார். "என்னா தாயி, நெலம் வந்துருச்சா? வெலைக்கா, பாகத்துக்கா?"

"எல்லாருக்கும் சரிபங்கு, ஆச்சி," என்றாள் பெண். அம்மாவைப் பார்த்து, "இன்னைக்கி முழுசா ஆடுவோம்மா. உயிரு இருவது" என்றாள்.

புளியங்கொட்டையைத் தன் பக்கம் இழுத்து எண்ண ஆரம்பித்தாள். அம்மாவின் பாஷையில், சத்தமாக. பத்து வரை வந்தாள். பதினோராவது கொட்டை விரலில் இருந்தது. நின்றுவிட்டாள்.

"இதுக்கு எப்பிடிம்மா சொல்லணும்?"

அக்கா சொன்னார். அவள் திருப்பிச் சொன்னாள். தப்பு போலிருக்கிறது, அக்கா அவள் தாடையைப் பிடித்துத் திருத்தினார். மறுபடி சொன்னாள். பன்னிரண்டாவதை எடுத்தாள்.

அந்த நேரம் ஒரு விசில். இரண்டு பேர் கையும் அப்படியே நின்றது. பெண் பாதி எழுந்துவிட்டாள், பழக்கம். அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"நத்தம் வண்டி," என்றார். "உக்காரு."

நானும் திரும்பிப் பார்த்தேன். நத்தம் வண்டிதான்.

அவர்கள் நிலம் போட ஆரம்பித்தார்கள், முறைக்கு ஒன்றாக, மெதுவாக. என் வண்டி வந்தது. அக்கா அன்றைக்கு மட்டும் என்னை விரட்டவில்லை. விசில் ஊதிய பிறகு நானாகத்தான் ஓடி ஏறினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோதும் ஆட்டம் முடியவில்லை.